பழைய வீட்டைக் காப்பவருக்கு ஊர் என்ன தருகிறது?



நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒருவர், தான் குடியிருக்கும் நூறு வயது வீட்டைப் பழுதுபார்க்க வங்கியில் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதே வயதுள்ள தன் வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டக் கடன் வாங்குகிறார். இருவரும் வருமான வரிக்குப் பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுகிறவர்கள். பழுதுபார்த்தவர் தான் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் வருமானத்திலிருந்து கழிக்கலாம். புதிதாகக் கட்டியவர் 2 லட்சம் ரூபாய் வரை கழிக்கலாம். வீடில்லாதவன் ஒரு வீடு கட்டிக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் காப்பவருக்கு ஒரு பங்கு, இடிப்பவருக்கு ஏறத்தாழ ஏழு பங்கு என்று அது முடிந்திருக்கிறது. தூண் வைத்த திண்ணைகள் இருந்த இடத்தில் இரும்பு ஷட்டர்கள் வரிசையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நன்கொடைக்குச் சலுகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மத்திய அரசு அறிவித்த பழம்பெரும் கோயில், மசூதி, தேவாலயம் ஆகியவற்றின் திருப்பணிக்குக் கொடுத்தால், 80ஜி என்று நாம் நெடுநாளாக அறிந்த பிரிவில் பாதித் தொகைக்கு விலக்கு உண்டு. 1996-இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்த கோயில்களின் திருப்பணிக்குத் தமிழ்நாடு அரசு 100 கோடி ரூபாய் மானியம் ஒதுக்கியது, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தெய்வம் குடியிருக்கும் இடத்துக்கு வழி இருக்கிறது, அரசு குடியிருக்கும் கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை இருக்கிறது, மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் ஒன்றுமே இல்லை.

கோட்டையும் கோபுரமும் மட்டுமா சரித்திரம்? கடலூரின் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் வாங்கியது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தார். இன்று எஞ்சியிருப்பவை சிதிலங்கள்தான். பீரங்கி கொண்டு இடித்ததை நாம் தடுத்திருக்க முடியாது. கண்ணெதிரே கடப்பாரை கொண்டு இடிப்பதையாவது தடுக்க வேண்டாமா? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிய ஊர் இந்தச் சிதம்பரம். புலவரும் ஓதுவாரும் வணிகரும் யாத்திரிகரும் தங்கிப்போன மடங்களும் சத்திரங்களும் வீடுகளும் சேர்ந்ததுதான் இந்த ஊரின் சரித்திரம்.

இந்த வீடுகள் எப்படிச் சாகின்றன என்று அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரேயடியாக விழுவதில்லை. தேக்கு உத்திரத்தின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கிற முனைதான் முதலில் உளுக்கும். மேல்தளத்தில் விரிசல் விட்டு மழைநீர் இறங்கி, சுவரில் ஊறி, அந்த முனையில் தங்கும். அந்தக் காலத்துக் கொத்தனார் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினார். அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டது. இன்றைக்குச் செலவு குறையட்டும் என்று அதன்மேல் சிமென்ட் பூசுகிறோம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செங்கலை அரிக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது எத்தனை ஓட்டுக் கூரைகள் பறந்தன என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், கூலி கூட, நாளும் கூட. அந்த அதிகச் செலவைத்தான் பொதுப்பணம் கொஞ்சம் தாங்க வேண்டும் என்கிறேன்.

முடியுமா என்றால், புதுச்சேரியைப் பாருங்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே தமிழர் பகுதியில் இருக்கிற வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வீடுகளின் முகப்புகளைப் பழையபடி மீட்டது. திண்ணையும் தாழ்வாரமும் தெரு நெடுகத் திரும்பி வந்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் அந்த வேலைக்கு அங்கீகாரம் கிடைத்தது. அமெரிக்காவில் வருமானம் தரும் மரபுக் கட்டடத்தை முறைப்படி மீட்டால், செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். அகமதாபாத்தில், பழைய வீட்டின்மேல் கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்று அந்தப் பணத்தில் வீட்டைச் செப்பனிட வழி செய்தார்கள். அது பெருநகரக் கணக்கு. மாடி உரிமைக்குப் போட்டி இருக்கிற ஊரில்தான் விலை போகும். நமக்கு அது ஒத்து வராது என்பதே என் எண்ணம்.

நமக்கு ஒத்து வருவது சொத்துவரி. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முன்கூட்டியே கட்டுகிறவருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை இப்போதே கொடுக்கிறோம். சீக்கிரம் கட்டியவருக்கு ஊக்கம் உண்டு என்றால், ஊரின் முகத்தைக் காப்பவருக்கு ஏன் கூடாது? மரபு வீடுகளின் பட்டியலில் சேர்ந்த வீட்டுக்குப் பாதிச் சொத்துவரி. பழைய முறையில் செப்பனிடுகிறவருக்கு, அவர் ஒரு ரூபாய் போட்டால் ஊர் ஒரு ரூபாய். மானியம் வாங்கியவர் பத்து ஆண்டுகளுக்கு முகப்பை மாற்றக் கூடாது. மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

வசதியுள்ளவன் வீட்டுக்கு வரிப்பணமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கதவைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முதியவர் இருப்பார், அல்லது ஒரு விதவைத் தாய். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். வீடு பெரிது, கையில் காசு இல்லை. அதனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: கூட்டுப் பட்டாவில் உள்ள அத்தனை பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மானியம் என்று விதி எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் ஒரு வீடும் தேறாது.

மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் தெருக்கள் இழந்ததை எந்த ஆணையமும் திருப்பித் தர முடியாது. ஆணையம் வந்து பட்டியல் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர்களைக் கேளுங்கள், தெருத் தெருவாக வந்து அளந்து படமெடுத்துக் கொடுப்பார்கள்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கிற நகர்மன்ற உறுப்பினர்களே, கடலூர் மாநகராட்சி உறுப்பினர்களே! அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இந்தச் சொத்துவரிச் சலுகையை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். நிறைவேற்றி அரசுக்கு அனுப்புங்கள். கட்சி பார்க்காமல் எல்லோரும் கை தூக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.