உரை என்னும் சொல்

 

'உரை' பற்றி உரையாற்ற வந்திருக்கிறேன். நான் இப்போது பேசுவதும் உரைதான். திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதியதும் உரைதான். ஆங்கிலத்தில் பின்னதைக் கமெண்டரி என்கிறார்கள். கமெண்டரி என்றதும் நம்மில் பலருக்கு ரேடியோவும் கிரிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். பந்து எங்கே போகிறது என்று வர்ணனையாளர் நம் கண்முன் காட்டினார். ஆனால் பந்தை அடித்தவர் அவர் இல்லை. அது அவருக்கும் தெரியும்! நல்ல உரையாசிரியரும் அப்படித்தான். மூலத்தைக் காட்டுவார்; மறைக்க மாட்டார்.

நம்ம பசங்க 'கமெண்ட் அடிக்கிறது' என்பார்களே, அது வேறு சங்கதி. கமெண்ட் அடிக்க வாய் இருந்தால் போதும். உரை சொல்ல மூலத்தைப் படித்திருக்க வேண்டும்.

நன்னூல் உரைக்கு 14 கூறுகள் வகுத்திருக்கிறது. பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம் என்று போகும் அந்த வரிசையில் வினாவும் விடையும் உண்டு. கேள்வி கேட்கத் தெரியாதவர் உரை எழுத முடியாது என்பதுதான் இதன் பொருள். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் 10 பேர் என்பது மரபு. மணக்குடவர் ஒரு பொருள் சொன்ன இடத்தில் பரிமேலழகர் வேறு பொருள் சொல்வார். குறள் மட்டும் அப்படியே இருக்கும்.

உரையால் வந்த லாபம் கொஞ்சமா? சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், பழைய இசை, நாடக நூல்கள் பலவற்றை மேற்கோள் காட்டினார். அவற்றில் பல இன்று இல்லை. உ.வே.சாமிநாதையர் 1892-இல் அந்த உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சிட்டார். அந்த உரை இல்லாவிட்டால் அந்நூல்களில் பலவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மாணவச் செல்வங்களே, நோட்ஸ் படிக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கோனார் நோட்ஸ் இல்லாமல் இங்கே யார் பாஸ் செய்தோம்? இப்போது கைப்பேசியே சுருக்கம் சொல்லிவிடுகிறது. வசதிதான்; ஆனால் சுருக்கத்தோடு நின்றுவிட்டால், அது சரியா தப்பா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்?

நம் நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியது. அத்தனை மேல்மண்! உரையின் வேலை அந்த மேல்மண்ணை அகற்றுவது. மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியுமா?

ஆகவே உரையைப் படியுங்கள். படித்துவிட்டு மூலத்துக்குப் போங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். என் உரைக்கும் அது பொருந்தும்.