சட்ட நூலகர்களுக்கு விருதும் நல்கையும்: தலைமை உரை

 

2024 ஜூலை 1 அன்று நம் நாட்டில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் விலகிப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன் நடந்த குற்றத்திற்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே பழைய நூல்களைக் கட்டி மூலையில் போட முடியாது. இரண்டும் மேசைமேல் இருந்தாக வேண்டும். எந்தப் பழைய பிரிவு எந்தப் புதிய பிரிவாயிற்று, எது விடுபட்டது, எது மாறியது என்று ஒப்பீட்டு அட்டவணை போட்டு, காலையில் அவசரமாக ஓடிவரும் இளம் வழக்கறிஞரின் கையில் கொடுப்பவர் சட்ட நூலகர். தீர்ப்பில் நீதிபதியின் பெயர் இருக்கும், வழக்கறிஞர் பெயர் இருக்கும். அந்த அட்டவணையைப் போட்டவர் பெயர் எங்கும் இராது. இந்த உழைப்பை எப்படி அடையாளம் காண்பது, எப்படி வளர்ப்பது என்பதே இன்று இக்கருத்தரங்கில் நம்முன் உள்ள கேள்வி.

இக்கேள்விக்குப் பல காலமாக விடை தேடிவரும் அமைப்பு ஒன்று உண்டு. அமெரிக்கச் சட்ட நூலகங்களின் சங்கம் 1906-இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் நாரகான்செட் பியரில் தோன்றியது. ஐயோவா மாநிலச் சட்ட நூலகர் ஏ.ஜே. ஸ்மால் அதன் முன்னோடி. 1908-லேயே 'லா லைப்ரரி ஜர்னல்' என்ற இதழையும், சட்ட இதழ்களுக்கான அடைவையும் அச்சங்கம் தொடங்கிவிட்டது. முதலில் கருவிகளைச் செய்தார்கள். பட்டயமும் பரிசும் பின்னால் வந்தன. இந்த வரிசையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர்களுடைய விருதுகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பணியைச் சுட்டுகின்றன. 1967-இல் ஏற்பட்ட ஜோசப் ஆண்ட்ரூஸ் விருது சட்ட இலக்கியத்திற்குச் சிறந்த பங்களிப்பு செய்த நூலுக்கு உரியது. ராபர்ட் ஓக்லி பெயரிலான விருது, சட்டத் தகவல் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடும் நூலகர்களுக்கு உரியது. ஓக்லி ஜார்ஜ்டவுன் சட்ட நூலகத்தின் இயக்குநராக இருந்தவர். தலைநகர் வாஷிங்டனில் சங்கத்தின் குரலாக ஒலித்தவர். அவர் மறைந்த 2007-ஆம் ஆண்டில்தான், மாநிலங்கள் இணையத்தில் வெளியிடும் சட்டவாசகம் நம்பத் தக்கதா என்று ஆராய்ந்த மாநிலவாரி அறிக்கையைச் சங்கம் வெளியிட்டது. அந்த அக்கறை தொடர்ந்ததன் பயனாக, இணையத்தில் உள்ள சட்டவாசகம் மெய்யானது என்பதற்கு உறுதி வேண்டும் என்னும் மாதிரிச் சட்டம் 2011-இல் உருவாயிற்று. எத்தனை நூல் வாங்கினார், எத்தனை பேர் வந்தனர் என்று ஆண்டறிக்கையில் எண்ணுகிறவர்களின் கண்ணில் இத்தகைய பணி படாது. விருது அதைக் கண்ணில் படச் செய்கிறது.

வாழ்நாள் பணிக்கான உயர்ந்த விருது மரியன் கூல்ட் கல்லகர் அம்மையாரின் பெயரைத் தாங்குகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தை 1944 முதல் 1981 வரை நடத்திய அவர், பல தலைமுறைச் சட்ட நூலகர்களைப் பயிற்றுவித்தவர். ஆளை உருவாக்கியவரின் பெயரை மிக உயர்ந்த விருதுக்கு வைத்ததில் ஒரு கொள்கை இருக்கிறது. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பெயரிலான உதவித்தொகை, சிறுபான்மைச் சமூக மாணவர்கள் இத்தொழிலுக்கு வர வழிசெய்கிறது. மாரிஸ் கோஹன் பெயரில் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடக்கிறது. சட்ட வரலாறும் அரிய சட்ட நூல்களும் அதன் பொருள். இவற்றோடு, ஆண்டு மாநாட்டுக்கு வரப் புதியவர்களுக்குப் பயண நல்கையும் தருகிறார்கள்.

பிரிட்டன், அயர்லாந்து சட்ட நூலகர்கள் 1969-இல் தங்கள் சங்கத்தை அமைத்தனர். அதை நிறுவியவர்களுள் ஒருவர் வாலஸ் பிரீம். லண்டனின் இன்னர் டெம்பிள் என்னும் வழக்கறிஞர் அமைப்பின் நூலகரான அவர், வரலாற்று நாவல்களும் எழுதியவர், 1990-இல் மறைந்தார். அவர் நினைவு விருதைச் சங்கமும் இன்னர் டெம்பிளும் சேர்ந்தே வழங்குகின்றன. நூலகத்தால் பயன்பெற்ற வழக்கறிஞர் உலகம் தன் நன்றியைத் தானே முன்வந்து செலுத்துகிறது. நம் வழக்கறிஞர் சங்கங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

இவற்றையெல்லாம் கருதும்போது எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று: விருதுக்கு முன் நல்கை வேண்டும். விருது முடித்த பணியைப் போற்றும். நல்கை இல்லாவிட்டால் சில பணிகள் தொடங்கவே மாட்டா. இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு கணித ஆசிரியரைத் தன் முதல் நூலகராக அமர்த்தி, பயிற்சி பெற இங்கிலாந்துக்கு அனுப்பியது. சீர்காழியில் பிறந்த அந்த ஆசிரியர் எஸ்.ஆர். அரங்கநாதன் அங்கே நூலகம் நூலகமாகச் சென்று கண்டு திரும்பினார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளும், 1933-இல் கோலன் நூற்பகுப்பு முறையும் வெளிவந்தன. 1957-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பயணம் முதலில், பட்டம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னால். அவரும் பெற்றதைத் திருப்பித் தந்தார்: தம் துணைவியார் சாரதா பெயரில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்.

எனவே இக்கருத்தரங்கின் ஆய்வுக்கு நான்கு கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மாவட்ட நீதிமன்றங்களிலும் சிறிய சட்டக் கல்லூரிகளிலும் பணியாற்றுவோருக்குப் பயிற்சி நல்கை. ஒருவரே நூலகராகவும் உதவியாளராகவும் இருக்கும் இடத்தில், அவர் ஒரு வாரம் வெளியே போனால் நூலகம் பூட்டிக் கிடக்கும். ஆகவே பயணச் செலவோடு, அந்த நாள்களில் அவரிடத்தில் அமர்பவரின் ஊதியத்தையும் நல்கையே ஏற்க வேண்டும். இல்லையேல் விடுப்பு கிடைக்காது. நல்கை காகிதத்தில் நிற்கும்.

இரண்டாவது, கருவி செய்தவருக்கு விருது. பழைய, புதிய பிரிவுகளின் ஒப்பீட்டு அட்டவணை, தமிழ்ச் சட்ட நூல்களின் நூற்பட்டியல், அரசிதழ் அறிவிக்கைகளின் அடைவு போன்ற பணிகளைப் பெயர் குறித்துப் போற்ற வேண்டும்.

மூன்றாவது, மாணவர்களுக்குத் தமிழில் சட்ட வரலாற்றுக் கட்டுரைப் போட்டி. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. 'மெட்ராஸ் லா ஜர்னல்' 1891 முதல் வருகிறது. இத்தொகுதிகளைத் திறந்து படிக்கும் இளைஞரே நாளை அவற்றைக் காப்பார்.

நான்காவது, தேர்வு முறை. தகுதிகள் முன்கூட்டியே அச்சில் வர வேண்டும்; தேர்ந்ததற்கான காரணமும் வெளியாக வேண்டும். பரிந்துரைக் கடிதம் வாங்கத் தெரியாதவரும் விண்ணப்பிக்க வழி இருக்க வேண்டும். பணி மூப்பு மட்டுமே அளவுகோலானால், உழைக்கும் இளையோர் ஊக்கம் இழப்பர்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். வழக்கறிஞர் சங்கங்கள், சட்டப் பதிப்பகங்கள், நூலகத்தால் உயர்ந்த மூத்த வழக்கறிஞர்கள் ஆகியோரை அணுகுவோம். பதிப்பகங்கள் தரும் நிதிக்கும் நூல் கொள்முதலுக்கும் எத்தொடர்பும் இருத்தல் ஆகாது என்பதை விதியாகவே எழுதிவிடுவோம். நிதி ஒன்றுக்குத்தான் போதும் என்றால், விருதை ஒத்திவைத்து நல்கையைத் தொடங்குவோம்.

அமர்வுகளில் கட்டுரை படிக்கும் அறிஞர்கள் இக்கருத்துகளைத் தயங்காமல் மறுக்கலாம், திருத்தலாம். மாலை நிறைவு விழாவுக்குள் முதல் பயிற்சி நல்கைக்கான விதிகளை வரைந்து தீர்மானமாக நிறைவேற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.