மாறனார் நடந்த வயல்வழி

(ஓவேலி, பங்குனி உத்திரத் திருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



கூடலூரிலிருந்து சூண்டி வழியாக ஜீப்பில் ஏறி இந்த முருகப் பெருமானுடைய சந்நிதிக்கு அடியேன் வருவது இது முதன்முறையன்று. விழாக் குழுவினர் இன்றைக்குக் கொடுத்த தலைப்பு "நாயன்மார்கள் காட்டிய தொண்டு" என்பது. அறுபத்துமூவரையும் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்க ஒருவராலும் இயலாது. ஆதலின் இளையான்குடி மாற நாயனார் ஒருவரை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன்.

வேளாண் குடியிலே தோன்றிய மாறனார் செல்வம் மிகுந்திருந்த காலத்திலே வந்த அடியார்க்கெல்லாம் அறுசுவை அமுது படைத்தார். இது வியப்பன்று. இருக்கின்றவர் கொடுப்பது நாம் எங்கும் காண்பதுதான். பெருமான் அவருடைய செல்வத்தை மெல்ல மெல்லக் குறையச் செய்தார். நிலம் போயிற்று, கடன் ஏறிற்று. எஞ்சிய சிறு வயலிலே பகலில் விதைத்துவிட்டு வந்து, வீட்டிலே உண்ண ஒன்றுமில்லாமல் கணவனும் மனைவியும் பசித்துப் படுத்திருந்த மழை இரவிலே ஓர் அடியார் வந்து கதவைத் தட்டுகிறார்.

இனி நடந்ததைக் கவனிக்க வேண்டும். பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சோறாக்கித் தருகிறேன் என்று வழி சொன்னவர் அந்த அம்மையார். புராணம் படிப்போர் பலரும் நாயனாரைப் போற்றிவிட்டு அம்மையாரை மறந்துவிடுகிறோம். யோசனை அவருடையது. நாயனார் கூடையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாத இருளிலே காலால் தடவி வழியறிந்து வயலுக்குப் போனார். சேற்றுநீரில் மிதந்த முளைகளைக் கையால் அரித்து எடுத்து வந்தார். விறகில்லை என்றார் அம்மையார். வீட்டுக் கூரையின் வரிச்சை அறுத்துக் கொடுத்தார். கறிக்குக் குழியிலே முளைத்திருந்த கீரையைப் பறித்தார். செல்வராயிருந்த நாளிலே அவருடைய நெல் தொண்டு செய்தது. வறியவரான அன்றைக்கோ அவருடைய காலும் கையும் தொண்டு செய்தன. சேக்கிழார் பெருமான் விரித்துப் பாடியது இந்த இரவைத்தான்.

மழையும் இருளும் வழுக்கு வழியும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. 1964ஆம் ஆண்டு சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கப்பலேறி வந்த பெரியவர்கள் இந்தச் சபையிலே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணிலே உரிமையில்லை என்று அனுப்பப்பட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்தவர்கள் நீங்கள். அப்பொழுது உங்களுக்குச் சங்கமா இருந்தது, அறக்கட்டளையா இருந்தது? ஒரு லைன் வீட்டிலே அடுப்பு எரியவில்லையென்றால் பக்கத்து வீட்டார் கஞ்சியை இரண்டாகப் பகிர்ந்தார்கள். பிரசவ வேதனை கண்டவளைக் கம்பளியில் கட்டித் தோளிலே தூக்கிப் போனார்கள். அதற்கு யாரும் தொண்டு என்று பெயர் வைக்கவில்லை.

இன்றைக்கு நீலகிரி மாவட்டத்திலே தொண்டுக்குக் குறைவுண்டா என்று கேட்டால், பேரிடர் வந்த நாளிலே இல்லை என்றே சொல்வேன். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கங்களில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் மக்கள் ஓடிவந்து உதவினார்கள். 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன் வயநாட்டிலே முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் புதையுண்ட செய்தி கேட்டு, நம் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா அங்கே சென்றார். பாலம் அடித்துச் செல்லப்பட்ட ஆற்றின்மேல் கட்டிய கயிற்றிலே தொங்கி அக்கரை சென்று, காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டார். அவ்வாண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது. கீழே காட்டாறு கர்ஜிக்கிறது. அந்த அம்மையார் அக்கரையிலுள்ள காயத்தையே நினைக்கிறார். மாறனார் இருளிலே காலால் வழி தடவியதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அவர் எந்தச் சமயத்தவர் என்று நாயன்மார் கேட்டிருக்க மாட்டார்கள். நாமும் கேட்க வேண்டுவதில்லை.

இன்னொன்றும் சொல்லுவேன். 1990ஆம் ஆண்டு கூடலூரிலே ஆதிவாசி மக்களுக்கென்று ஒரு மருத்துவமனை எழுந்தது. அதனைத் தொடங்கிய மருத்துவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். ஆனால் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் குடிகளிலே பிறந்த பெண்களுக்கே பயிற்சி அளித்துச் செவிலியராகவும் ஊர் ஊராகச் செல்லும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள். யாரை நாம் கைநீட்டி வாங்குவோர் என்று எண்ணியிருந்தோமோ அவர்களே மருந்து கொடுப்போராயினர். மழை ஓய்ந்த பிறகும், செய்தித்தாள்காரர் போன பிறகும், ஆண்டு முழுதும் நடப்பது அது.

நம்மிடம் குறைவது அந்த ஆண்டு முழுதும் நடக்கிற தொண்டுதான். இதை உங்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை; அடியேனும் உடன்பட்ட குற்றம் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், இம்மலைப் பகுதியிலே வேறொரு கோயில் விழாவிலே பேசினேன். அன்னம்பாலிப்பு வெகு சிறப்பு. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாராளமாகப் பணம் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் உண்டபின் இரண்டு அண்டா சோறு மீந்தது. அடியேனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மகிழ்ந்து ஏற்றுக்கொண்டு உண்டு உறங்கினேன். மறுநாள் காலையிலே, மேலே இருக்கும் பாடியிலே நோயாய்க் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துத் திருநீறு கொடுக்க அழைத்துப் போனார்கள். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கை, விரல் மடங்கவில்லை. விழா வரியை ஆண்டுதோறும் முதலிலே கொடுப்பவர் அந்த அம்மாதானாம். "நேத்து சாமி சோறு நல்லா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு பிடி வந்து சேரவில்லை! அந்தி சாய்ந்தபின் யானை நடமாட்டம் என்று யாரும் மேலே போகவில்லை. பகலிலோ யாருக்கும் நினைவில்லை. அன்றிரவு அவருக்குக் கஞ்சி கொடுத்தவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரி. அந்தக் கேள்விக்கு அடியேனால் விடை சொல்ல முடியவில்லை. திருநீற்றை இட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

யானை அச்சம் பொய்யன்று. இந்த ஓவேலியிலே எத்தனை உயிர்கள் போயின என்பதை நீங்கள் அறிவீர்கள். 2025 செப்டம்பரில் வனத்துறையினர் ஒரு கொம்பனைப் பிடித்து இங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். அதனால் காடு காலியாகிவிடவில்லை. இருட்டிலே போ என்று நான் ஒருவரையும் ஏவமாட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அண்டா இறக்கும்போது முதற் சோற்றை எடுத்து மேலே அனுப்ப எந்த யானை தடுக்கிறது?

பிள்ளைகள் பிழைப்புக்காகக் கீழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்கள் பணம் வருகிறது, கை வரவில்லை. பணம் வேண்டாம் என்பதன்று. ஆனால் பணம் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கூடலூர் ஆஸ்பத்திரி வரிசையிலே நிற்காது. முதியோர் உதவித்தொகை மனுவை எழுதித் தராது. நடமாட முடியாதவரைக் குளிப்பாட்டாது. அப்பர் பெருமான் எண்பது வயது கடந்தும் உழவாரப் படையைக் கைவிடாமல் திருப்புகலூரிலே புல் செதுக்கினார். பொன்னும் மணியும் தட்டுப்பட்டபோது அவற்றையும் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்திலே எறிந்தார். அந்த வயதிலே அவருக்கு ஒரு வேலையாள் வைத்துக்கொடுக்க ஊரார் மறுத்திருப்பார்களா?

திருமூலரும் இதையே சொன்னார்: கோயிலிலே வீற்றிருக்கும் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய அடியார்க்குப் போய்ச் சேருவதில்லை, அடியார்க்குக் கொடுப்பதோ இறைவனுக்குச் சேர்ந்துவிடும் என்று. நடமாடும் கோயில் நடமாட முடியாமல் படுத்துவிட்டால் நாமல்லவா நடக்க வேண்டும்?

காலையிலே விழாக் குழுத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன், மறுக்காமல் ஒப்புக்கொண்டார். வரி வசூல் நோட்டு இருப்பது போல் இன்னொரு நோட்டு. எந்தப் பாடியிலே யார் படுக்கையில் இருக்கிறார், எந்த வீட்டிலே முதியவர் தனித்திருக்கிறார், எந்தக் கிழமை யார் போய்ப் பார்ப்பது என்று எழுதுவது. நம் கோயிலுக்கு வருகிறவர் வராதவர் என்ற பிரிவு அதிலே வேண்டாம். எழுதும் பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த ஆண்டு அடியேனை அழைத்தால் பொன்னாடை வேண்டாம், அந்த நோட்டைப் படித்துக் காட்டுங்கள்.

இப்பொழுது மணி பதினொன்றரை. மடைப்பள்ளியிலே சோறு வடித்தாயிற்று என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு தூக்குவாளிகள் கட்டி வைத்திருக்கிறது. பந்தி தொடங்குமுன் அவை மேலே போக வேண்டும்; மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம். இளைஞர்கள் நால்வர் எழுந்து வாருங்கள். அடியேனுக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் ஏறுவேன். ஒரு வாளியை என் கையிலே கொடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.