ஓடாத சைக்கிளுக்குத்தான் செலவு அதிகம்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்துக் களைத்திருப்பீர்கள். பத்தே நிமிடம், சைக்கிளைப் பற்றிக் கேளுங்கள்.

நம் பார்க்கிங்கில் தூணுக்குத் தூண் சைக்கிள் நிற்கிறது. பாதிக்குமேல் ஓடுவதில்லை. ஏன் என்று கேட்டால், "ரிப்பேருக்குக் கொண்டுபோனால் ரெண்டாயிரம், மூவாயிரம் கேட்கிறாங்க சார்" என்பதுதான் பதில். அந்த ரூபாய் எங்கே போகிறது என்று ஒரு பில்லை வைத்தே பார்ப்போம். நம் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பிள்ளையின் 26 அங்குல கியர் சைக்கிள் அது. இரண்டு வருடம் நின்றிருந்தது.

டயர் இரண்டு: 900
டியூப் இரண்டு: 400
செயின்: 350
ஃப்ரீவீல்: 450
பிரேக் கட்டை, ஒயர்: 250
கூலி: 500
மொத்தம் 2,850 ரூபாய்.

பார்த்தவுடன் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். டயரின் பட்டன் தேயவே இல்லை. காற்றில்லாமல் நின்றதால் ரிம் அழுத்தி, பக்கவாட்டில் வெடித்திருக்கிறது. டியூபும் மடிந்த இடத்தில் விட்டுப்போனது. செயின் துருப்பிடித்து இறுகிவிட்டது. பிரேக் கட்டை காய்ந்து கல்லாகிவிட்டது. அதாவது, இந்தப் பில்லில் பெரும்பகுதி ஓடித் தேய்ந்ததற்கான செலவு இல்லை, நிறுத்திவைத்ததற்கான செலவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்றும், மாதம் ஒருமுறை செயினுக்கு நாலு சொட்டு எண்ணெயும் போட்டிருந்தால் இதில் பாதிக்குமேல் வந்திருக்காது. தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் போதும். விட்டபின் துணியால் துடைத்துவிடுங்கள். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

இந்தப் பில்லில் கேள்வி கேட்க வேண்டிய ஒரே இடம் ஃப்ரீவீல். "செயின் மாத்தினா ஃப்ரீவீலும் மாத்தணும்" என்பார்கள். சில நேரம் அது உண்மை, சில நேரம் இல்லை. வீட்டில் உள்ள ஸ்கேலை வைத்தே தெரிந்துகொள்ளலாம். செயினின் ஒரு பின் நடுவிலிருந்து அளந்தால், புதுச் செயினில் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு பின்னின் நடு வரும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் ஃப்ரீவீல் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல் தாண்டும். கடைக்காரர் இரண்டையும் மாற்றச் சொன்னால் அவர் சொல்வது சரி. ஆனால் நம் சைக்கிள் நின்றே துருப்பிடித்தது. செயின் நீளவில்லை. பல்லைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கலாம். அந்த 450 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே, கடையில் சைக்கிளை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். என்னென்ன மாற்ற வேண்டும் என்று முதலில் எழுதி வாங்குங்கள். சாமான் விலை தனி, கூலி தனி. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் போடும் கடையில் அதையும் கவனியுங்கள்.

ஆன்லைனில் டயர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "26 அங்குலம்" என்பது மட்டும் போதாது. டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல ஓர் எண் இருக்கும். பின்னால் உள்ள மூன்று இலக்கம்தான் முக்கியம். 559-ம் 26 அங்குலம்தான், 590-ம் 26 அங்குலம்தான். ஒன்றின் ரிம்மில் மற்றொன்று உட்காராது. பழைய மாடல் சாமான் கிடைக்கவில்லை என்றால் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜாரில் தேடிப் பாருங்கள்.

கூலியில் பேரம் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு சக்கரம் கழற்றி, டயர் மாற்றி, கோட்டம் எடுத்து, பிரேக் பிடித்து, கியர் செட் பண்ண அரை நாள் ஆகும். அதற்கு 500 ரூபாய் அதிகமில்லை. ஏ.சி. சர்வீஸுக்கு வருகிறவரிடம் நாம் இப்படிப் பேரம் பேசுவதில்லையே! நம் தெருமுனையில் மரத்தடியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறவர் கடையை மூடிவிட்டால், அப்புறம் ஒரு பஞ்சருக்குக்கூட ஷோரூம் தேடிப் போக வேண்டும்.

கடைசியாக, முக்கியமான விஷயம். நம் செக்யூரிட்டிகளில் சிலரும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களில் சிலரும் சைக்கிளில்தான் வருகிறார்கள். அதிகாலை ஷிப்டுக்கு வேறு வண்டி கிடையாது. "பழைய சைக்கிள் நிக்குது, எடுத்துக்கோப்பா" என்று நம்மில் பலர் நல்ல மனசோடு கொடுக்கிறோம். ஆனால் இப்போது பார்த்தீர்களே, நின்ற சைக்கிளோடு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் பில்லும் சேர்ந்தே போகிறது. அவர் சம்பளத்தில் அது என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வராது. கொடுக்கிறவர்கள் ரிப்பேர் செய்து, ஓட்டிப் பார்த்துக் கொடுங்கள்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. செக்யூரிட்டி அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நல்ல கால் பம்பு வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, தெருமுனைக் கடைக்காரரை உள்ளே அழைத்து, விலைப்பட்டியல் ஒட்டி, எல்லாச் சைக்கிளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பணியாளர்களின் சைக்கிளுக்கு அன்றைய கூலியைச் சங்கம் ஏற்க வேண்டும். நம் மாதப் பராமரிப்புக் கணக்கில் இது தெரியக்கூட தெரியாது.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் சைக்கிள் டயரை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். காற்று இல்லையென்றால் நாளைக்கே அடித்துவிடுங்கள்.