குறை நாக்கிலா, கேட்கிற காதிலா?

(திருப்பூரில், பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கான கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் திக்குவாயன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வார்த்தை நின்றுபோனால் மைக்கில் கோளாறு என்று நினைத்து யாரும் எழுந்து ஓடிவர வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் காலையில் பேர் கூப்பிடுவார்கள். 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். எனக்கு அந்த 'உ' வராது. உதடு குவியும், மூச்சு நிற்கும், சத்தம் வராது. அதற்குள் வாத்தியார் அடுத்த இரண்டு பேரைத் தாண்டியிருப்பார். அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற எனக்கு ஆப்சென்ட் விழும். ஒருநாள் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். "ஸ்காலர்ஷிப் வாங்கறப்ப மட்டும் வாயி தெறக்குதில்ல, இதுக்குத் தெறக்காதா?" என்றார். வகுப்பு சிரித்தது. சாதிப் பேரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இன்னொரு வாத்தியார் நல்லவர். என் அம்மாவைக் கூப்பிட்டு, "வீட்ல தெலுங்கு பேசறத நிறுத்தும்மா, பையனுக்கு நாக்கு திரும்பும்" என்றார். நாங்கள் அருந்ததியர். இந்தக் கொங்குப் பகுதியில் எங்களில் பலர் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள். அம்மா வசம்பைச் சுட்டு என் நாக்கில் தேய்த்தாள். கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். தெலுங்கையும் நிறுத்தினாள். தமிழில் அவளுக்குக் கொஞ்சவும் வராது, திட்டவும் வராது. அதனால் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். என் திக்கு போகவில்லை. அம்மாவின் பேச்சுதான் போனது.

இரண்டு மொழி பேசுவதால் திக்குவாய் வராது. இதை எனக்கு முதன்முதலாகச் சொன்னவர் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். அப்போது எனக்கு வயது முப்பது. பாங்கு வேலையில் சேர்ந்து, கவுண்டரில் உட்கார்ந்து, என் பேரைக் கேட்டால் சட்டையில் குத்தியிருக்கிற பேர்ப்பட்டையைக் காட்டிக்கொண்டிருந்த காலம். "எந்தெந்த வார்த்தையைச் சொல்லாமத் தப்பிச்சுக்கறீங்க?" என்று கேட்டார். என் வாழ்க்கையே அந்தக் கேள்விக்குள் இருந்தது. வராத வார்த்தைக்குப் பதில் வேறொரு வார்த்தை தேடித் தேடித்தான் நான் கவிதைக்கு வந்தேன். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குவாய் உண்டு, எல்லாச் சாதியிலும் உண்டு, அது பயத்தாலோ நாக்குத் தடிப்பாலோ வருவதில்லை என்றார். எட்டு வயதில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் அந்த தெரபிஸ்ட் படித்த படிப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம், நம் பிள்ளைகளின் நாக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் நம்மவர் யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

படிப்பின் பேர் பி.ஏ.எஸ்.எல்.பி. பேச்சு, மொழி, கேட்புத்திறன் பற்றிய பட்டப்படிப்பு. மூன்று ஆண்டு வகுப்பு, நான்காம் ஆண்டு பயிற்சி. காது, தொண்டை, மூளை எப்படி வேலை செய்கின்றன என்பதும் படிக்கணும், மொழியியலும் படிக்கணும். பேச்சு வராத குழந்தை, அண்ணப் பிளவுக்கு அறுவை முடிந்த குழந்தை, திக்குகிறவர், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் எல்லோரும் உங்களிடம் வருவார்கள். முடித்ததும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்யணும். சென்னையில் இந்தப் படிப்பு உண்டு. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு கேட்பு நிறுவனம் நடுவண் அரசுடையது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. சத்தியமங்கலம் போய் திம்பம் மலை ஏறினால் மைசூர். பனியன் ஏற்றிய லாரி போகிற ஊருக்கு நம் பிள்ளைகள் போகக் கூடாதா?

அந்த நாற்காலியில் நம்மவர் இல்லாததால் இரண்டு தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு: மொழியைக் குறை என்பது. நம் பிள்ளை வகுப்பில் 'பளம்' என்றால் நாக்குச் சரியில்லை. தெற்கே பாதித் தமிழ்நாடு 'வாளப்பளம்' என்கிறது. சென்னைச் சேரியில் 'வாயப்பயம்'. யாருடைய நாக்கை நோயாளி நாக்கு என்பது? இன்று திருப்பூர் அரசுப் பள்ளிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ் புரியாமல் முழிக்கிற அந்தக் குழந்தையை 'மந்தம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெலுங்கு பேசிய எங்களைச் சொல்லியாயிற்று, அடுத்து அவர்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு ஊர். அங்கே வெள்ளையர் பிள்ளைகள் அதிகம் படித்த ஒரு பள்ளியில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்குக் கற்றல் குறைபாடு, பேச்சுக் குறைபாடு என்று சீட்டு ஒட்டித் தனி வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பு ஏற்றாமல் நிறுத்திவைத்தார்கள். தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். பள்ளியின் பேரே மார்ட்டின் லூதர் கிங் பள்ளி என்பதைக் கவனியுங்கள். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்புச் சொன்னார்: தடை குழந்தைகளின் மொழியில் இல்லை, அந்த மொழியை ஏற்காத ஆசிரியர்களின் மனப்பாங்கில் இருக்கிறது. அந்த வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொள்ளத் திட்டம் போடச் சொல்லி உத்தரவிட்டார். நான்கு ஆண்டு கழித்து, 1983இல், அமெரிக்கப் பேச்சு கேட்பு வல்லுநர் சங்கமே எந்த வட்டார, சமூக வழக்கும் குறைபாடு அல்ல என்று அறிவித்தது. தாய்மார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், மொழியியலாளர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். சும்மா நடந்ததில்லை.

குறையையும் மொழியையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. குழந்தை தன் வீட்டார்போல, தன் தெருப் பிள்ளைகள்போலப் பேசுகிறதா? பேசினால் அது மொழி. பாட்டிக்கே புரியவில்லை என்றால்தான் கவனிக்கணும். இரண்டு மொழிக் குழந்தைக்கு மொழிக்குறை நிஜமாக இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஆனால் இதைச் சோதிக்க அந்தப் பாட்டியின் பேச்சு தெரியணும். 'நீள்ளு' என்று ஒரு குழந்தை சொன்னால் அது தண்ணீர் கேட்கிறது என்று தெரிந்த ஆள் வேணும்.

இரண்டாவது தவறு நேர் எதிரானது: குறையைச் சாதி என்பது. என் அக்கா பேட்லாக் தைக்கிறவள், மாமா அயர்னிங். இரண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். அவர்கள் பையனுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். உரக்கச் சொன்னால் கேட்கும். டீச்சர் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னால் கேட்காது. "வேணும்கறது கேக்குது, பாடம் மட்டும் கேக்காது" என்று அடி விழுந்தது. அக்கா போய்க் கேட்டபோது, "உங்க பக்கத்துப் பசங்களுக்கு இவ்வளவுதான் ஏறும்" என்று பதில் வந்தது. நாலாம் வகுப்பில் ஒரு முகாமில்தான் செவிப்பறையில் ஓட்டை என்று கண்டுபிடித்தார்கள். அறுவை செய்தார்கள், இப்போது கேட்கிறது. கேட்காமல் போன மூன்று வருடப் பாடத்தை யார் திருப்பித் தருவார்கள்? மேல்சாதி வீட்டுப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். நம் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் காரணம் ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது.

நம்மவர் போனால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். தன்னால் மாறாது. ஆனால் 'தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளையோடு விளையாடிப் பேசுங்கள்' என்று ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வருகிற கைமடிக்காரத் தாய்க்கு எழுதிக் கொடுக்க மாட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஆயா என்று அவருக்குத் தெரியும். ஆயாவுக்குச் சொல்லிக்கொடுப்பார், ஆயாவின் மொழியில். தறிச் சத்தத்துக்கு நடுவே குடியிருக்கும் வீட்டில் குழந்தையின் காதை முதலில் சோதிக்கணும் என்று அவருக்குத் தோன்றும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பேச்சு மொழிக் குறைபாடு, கேட்புக் குறைபாடு இரண்டும் அதில் உண்டு. அந்தச் சட்டப்படி வரையறுத்த அளவு குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. சட்டம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேச வைக்கிற ஆள் வேண்டாமா? பொய் சொல்ல மாட்டேன், பள்ளிகளில் இந்த வேலை கிடைத்தாலும் ஒப்பந்தக் கூலியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே பள்ளிகளில் நிரந்தரப் பணியிடம் கேட்பதும் நம் இயக்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

பணம்? பாங்கு கிளார்க்காகச் சொல்கிறேன். 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். 'ஈடு இல்லாம தர முடியாது' என்று யாராவது சொன்னால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே குரலை இறக்கிவிடுவார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் அருந்ததியருக்கு 3 சதவீதம் 2009இல் சட்டமானது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போராடி வாங்கியதை இன்ஜினியரிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காது கேட்காமல் அடி வாங்கிய அந்தப் பையனின் அக்கா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருடம் பிளஸ் டூ. செக்கிங்குக்கு வரச் சொல்லி கம்பெனியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாரச் சம்பளம் கையில் வரும் என்பது மாமாவின் கணக்கு, அதில் தப்பில்லை. அவள் மைசூருக்கு விண்ணப்பம் போடணும் என்கிறாள். மாமாவிடம் பேசும் பொறுப்பு என் மேல். திக்கித் திக்கியாவது பேசுவேன்.

உங்களில் யாருக்காவது விருப்பம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் இருந்தால் விண்ணப்பம் நிரப்ப உட்காருவோம். என் பேரைக் கேட்டால் சொல்ல நேரமாகும். நின்று கேளுங்கள்.

ஜெய்பீம்.