டென்னிஸ் பந்து அடைத்த ஊதல்

1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. எதிரே இருந்தவர் டெலிபோனை எடுத்தார். எக்ஸ்சேஞ்சில் பதில் இல்லை. மற்ற அழைப்புகளோடு அவருடையதும் வரிசையில் காத்துக் கிடந்தது. ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். மனிதர் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30-ல் அவசர அழைப்புக்கென்றே 999 என்ற எண் வந்தது.

எண்ணைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். வேலையே எக்ஸ்சேஞ்சுக்குள்தான் நடந்தது! யாராவது 999 சுழற்றினால் அங்கே சிவப்பு விளக்கு எரியும், ஊதல் அலறும். ஆபரேட்டர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பார். அந்தச் சத்தம் தாங்காமல், ஊதலின் வாயில் டென்னிஸ் பந்தை அடைத்து வைத்தார்களாம்!