அளவுகோலையும் அளந்து பார்ப்போம்

படைத்துறையில் எல்லோருக்கும் இடம் இருக்கிறதா, அதை எப்படி அளப்பது என்று பேசச் சிதம்பரத்தில் கூடியிருக்கிறோம். கோயிலூரில் பட்டாளப் பேச்சா என்று கேட்பவர்கள் கொஞ்சம் கடலூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு 1748இல் வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்தான் சிதறிக் கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களை ஒழுங்கான படையாகத் திரட்டத் தொடங்கினார். சென்னைப் படையின் வேர் இந்த மணலில் இருக்கிறது. அந்தப் படை பின்னாளில் தேய்ந்த கதைதான் நமக்கு முதல் சான்று. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் வீர இனம், வீரமற்ற இனம் என்று மக்களைத் தரம் பிரித்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த ராபர்ட்ஸ், நெடுநாள் அமைதி தென்னாட்டுச் சிப்பாயை மழுக்கிவிட்டதாக முடிவு கட்டினார். போருக்கு அனுப்பாமல் வைத்திருந்துவிட்டு, போர்ப் பழக்கம் இல்லை என்று கழித்தார்கள். காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் அதே ஊர்களுக்கே ஆள் எடுக்க வந்தார்கள். அதற்குள் யாருடைய மார்பளவும் கூடிவிடவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி 2021 மார்ச் 25 அன்று உச்சநீதிமன்றம் நிதிஷா வழக்கில் தீர்ப்பளித்தது. ராணுவத்தில் 1992 முதல் குறுகியகாலப் பணியில் சேர்ந்துவந்த பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியிலேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்காகத் தேர்வுக் குழு கூடியது, அளவுகோலும் எடுத்தது. ஆண்கள் பணியின் 5ஆவது அல்லது 10ஆவது ஆண்டில், இளம் வயதில், எட்ட வேண்டிய ஷேப்-1 என்ற ராணுவ உடல்தகுதி நிலையை, நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் தேர்வு நடந்த தேதியில் கேட்டார்கள். பணித்திறனுக்கோ பழைய ரகசிய மதிப்பீட்டு அறிக்கைகளைப் புரட்டினார்கள். பிறகு வாங்கிய விருதும் பாராட்டும் கணக்கில் வரவில்லை. உடம்புக்கு இன்றைய தேதி, உழைப்புக்கு அன்றைய தேதி! அந்த அறிக்கைகளும் எப்படிப்பட்டவை? இவருக்கு நிரந்தரப் பணியே கிடையாது என்று தெரிந்த மேலதிகாரி போகிறபோக்கில் எழுதியவை. விதியில் எந்த இடத்திலும் பெண் என்ற சொல் தடையாக இல்லை. விளைவில் இருந்தது. இதை மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் பெயரிட்டது. சென்னைச் சிப்பாய்க்கு நேர்ந்ததும் இதுவே: முன்பு மறுத்த வாய்ப்பே பின்பு தகுதியின்மைக்குச் சான்றாகிறது.

படை போருக்காக இருக்கிறது, பிரதிநிதித்துவத்துக்காக அல்ல, தரத்தைத் தளர்த்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் நிதிஷா வழக்கில் யாரும் தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆணுக்கு எந்த வயதில் பார்த்தீர்களோ அந்த வயதுக் கணக்கில் பாருங்கள் என்றார்கள். ஒழுங்கு கெடும் என்பது இன்னொரு மறுப்பு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஒழுங்கைக் கெடுத்தது எது? தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக்குறியையும் கடுக்கனையும் எடு என்ற உத்தரவு. அணிவகுப்பில் தலையை எண்ணியவர்களுக்கு அந்தத் தலைக்குள் ஓடியது தெரியவில்லை.

தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து 2025 மே மாதம் முதன்முதலாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். மகிழ்ச்சியான எண், ஆனால் பயிற்சி முடித்தவர்களின் எண் மட்டும்தான். யாருக்குப் படைப்பிரிவுத் தலைமை கிடைக்கிறது, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள், விலகிப் போகிறவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்பதையும் எண்ண வேண்டும். கட்டுரை வாசிக்கப்போகும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் அட்டவணைகளில் இன்னொரு பத்தி சேருங்கள். இந்த அளவுகோலை யார், எந்த ஆண்டில், யாரை மனத்தில் வைத்து வகுத்தார்கள் என்று அதில் எழுதுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.